ஏறுவது தெரியாத மலை

தயாளரூபனின் குரல் மூன்று நாள் பிந்தித்தான் வரும்.
கப்பலில் கிழமைக்கு ஒருதரம் இணைப்பு.
இந்தமுறை வந்தபோது நான்
புத்தூரில், நிலாவரைக் கிணற்றுக் கட்டில் இருந்து
மாதிரிப் போத்தல்களுக்கு இலக்கம் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"மலை எண்டு சொன்னவங்கள்.
விடிய எழும்பிப் பார்த்தன், மலையைக் காணேல்லை.
கடலுக்கு மேலை ஒரு கறுப்புக் கோடு,
கவிட்டு வைச்ச தாச்சி மாதிரி."

கேடய எரிமலை.
இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்ததுதான்.
கீரிமலையைத் தவிர மலை அறியாத பிள்ளைகள் நாங்கள்,
அதுவும் பெயரில் மட்டும் மலை.
கூத்துக்காரன் பிடிக்கிறமாதிரிக்
கேடயத்தை நிமிர்த்தி வரைந்து
பத்துக்கு இரண்டு வாங்கினான் அவன்.
விழுந்தவனின் கேடயம் மண்ணில் கவிழ்ந்து கிடக்குமே,
அப்படி வரைந்திருக்கவேண்டும்.

சமையற்காரனுக்கும் ஒருநாள் கரையிறங்க விட்டார்களாம்.
பகல் முழுதும் நடந்தானாம்.
கால் ஏறுவதை அறியவில்லை,
மூச்சுத்தான் முதலில் அறிந்தது.
திரும்பிப் பார்த்தால் கப்பல் ஒரு நெல்மணி.

அங்கே நெருப்பு வெடித்துச் சிதறுவதில்லையாம்.
கூழ் பொங்கி வழிவதுபோல் வழிந்து
நெடுந்தூரம் போய் ஆறி
அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று.
அவசரம் இல்லாத உயரம்.
ஓரிடத்தில் தேர்வடத்தைச் சுருட்டி வைத்தாற்போல்
மழமழத்த மடிப்புகள்.
பத்தடி தள்ளி, செருப்பைத் தின்கிற கரடு.
மேற்தோல் இறுகிய பிறகும்
உள்ளே ஓடிக்கொண்டிருந்த குழம்பு
வடிந்துபோன வழி ஒரு குகையாய் நிற்கிறதாம்.
அதற்குள் நின்று என் பெயரைக் கூப்பிட்டானாம்.
ஒலிப்பதிவில் காற்று மட்டும் கேட்கிறது.

உச்சி இருக்கவேண்டிய இடத்தில் குழி.
கீழே இருந்தது வேறு வழியாய் இறங்கிவிட
மேலே இருந்தது அப்படியே உட்கார்ந்துவிட்டது.

குழி என்றால் எங்கள் ஊரில் முதலில் வருடம் கேட்போம்.
எந்த வருடத்துக் குழி, எங்கிருந்து வந்து விழுந்தது.
யாரும் போடாத குழிகளும் இங்கே உண்டு.
மழை இறங்கி இறங்கிச் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து
அடியில் மண்டபங்கள் கட்டும், கூரையைப் பற்றிக் கவலைப்படாமல்.
போன மாரியில் மகேஸ்வரலிங்கத்தாரின்
நாலு வெங்காயப் பாத்தியும் தண்ணி பம்பும்
விடியமுன் உள்ளே போயின.
பொலிசுக்கு அறிவித்தார் பாவம்.
களவு என்று எழுதினார்கள்.

அவன் கல்லொன்று அனுப்பியிருந்தான்.
எடுத்துவரக் கூடாதாம்,
சப்பாத்தின் அடியில் தானாய்ச் சிக்கியதாம்.
என் உள்ளங்கை அளவு. சப்பாத்து எந்த அளவோ.

கறுப்பு. உடம்பெல்லாம் துளை.
அமிலம் இரண்டு சொட்டு விட்டேன்.
எங்கள் மதிற்கல் என்றால் சீறும், நுரைக்கும்.
ஒரு காலத்தில் சிப்பியாய் இருந்த ஞாபகம் அதற்கு.
இது பேசாமல் இருந்தது.
எதுவும் உயிரோடு இருந்ததில்லை இதற்குள்.

இன்றைக்கு ஈயக்குண்டைக் கந்தோரில் மறந்து வந்துவிட்டேன்.
கல்லின் துளையில் நூல் கோத்து
மானியோடு கட்டிக் கிணற்றில் இறக்கினேன்.
சுற்றுலா வந்தவர்கள் அடி இருக்கிறதா என்று கேட்டார்கள்.
கயிறு முடிகிற இடம் தெரியும் என்றேன்.

நல்ல தண்ணீர் எங்கே முடிகிறது என்று
கைக்குத் தெரிவதில்லை.
ஒரே பாரத்தில் இறங்குகிறது கயிறு.
மானிதான் முதலில் அறிந்தது.
எண் ஏறத் தொடங்கியது,
ஏறிக்கொண்டே போனது.

மேலே எடுத்து, யாரும் பாராத நேரம்
கல்லை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
துளைகளுக்குள் உப்பு தங்கியிருந்தது.
இங்கத்தையதா, வரும்போதே கொண்டுவந்ததா
என்று அவனைக் கேட்கவேண்டும்.
வெள்ளிக்கிழமைதான் இணைப்பு வரும்.